"அந்த நேரத்தில் அவள் ஏன் அங்கே போனாள்?": மாத்தளையிலிருந்து எழும் கேள்விகள்

2025 மார்ச் 10ஆம் திகதி இரவு, அநுராதபுரம் போதனா வைத்தியசாலையில் கடமை முடிந்து விடுதி அறைக்குத் திரும்பிய பெண் வைத்தியர் ஒருவரை, கத்தியைக் காட்டி அச்சுறுத்தி ஒருவன் பாலியல் வன்புணர்வுக்கு உள்ளாக்கினான். மகளிர் தினம் கழிந்து இரண்டே நாள். சந்தேகநபர் விரைவிலேயே கைதானார். இராணுவத்திலிருந்து தப்பியோடியவர் என்று பொலிஸார் தெரிவித்தனர். வைத்தியர்கள் பணிப்புறக்கணிப்பில் இறங்கினார்கள். விடுதிகளுக்குக் கமெரா, மின்விளக்கு, காவலாளி என்று சில நாட்கள் பேச்சு நடந்தது. பிறகு அடங்கிவிட்டது.

இந்தச் சம்பவத்தில் பாதிக்கப்பட்டவரைக் குறைசொல்ல ஒரு துரும்பும் கிடையாது. படித்தவர், அரச ஊழியர், நோயாளர்களைப் பார்த்துவிட்டு வந்தவர், போய்ச் சேர்ந்தது வைத்தியசாலை வளாகத்துக்குள் இருந்த தனது அறைக்கு. அப்படியிருந்தும் பேஸ்புக்கிலும் தேநீர்க் கடைகளிலும் வழமையான கேள்வி வராமல் இருக்கவில்லை. தனியாக ஏன் போனார்? கதவைச் சரியாகப் பார்த்தாரா? இப்படிப்பட்ட ஒருவருக்கே அந்தக் கேள்வி காத்திருக்கிறது என்றால், மாத்தளை மாவட்டத்தில் ஒரு தோட்டத்துக் குறுக்குப் பாதையில் தனியாக நடந்து வரும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு என்ன காத்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மாத்தளையைப் பற்றி எழுதும்போது வடக்கு கிழக்கு வாசகர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி கண்டியில் தொடங்கி மாத்தளை, தம்புள்ளை வழியாகத்தான் வவுனியாவுக்கு வருகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர்கள் காட்டு வழியே நடந்து வந்து சேர்ந்த மலையடிவார ஊர் மாத்தளை. அந்த நடையை நினைவுகூர்ந்துதான் 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய மலையக மக்களின் நடைபயணம் ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. எதிர்த் திசையிலும் மக்கள் நடந்திருக்கிறார்கள். 1977 வன்முறைக்குப் பிறகு மாத்தளை, கண்டிப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள், பின்னர் வன்னிப் போரின் முழுச் சுமையையும் சுமந்தன. 1983 ஜூலையில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் எரிக்கப்பட்டபோது இன்னும் சில குடும்பங்கள் கிளம்பின. முள்ளிவாய்க்காலில் நின்றவர்களில் மாத்தளைத் தோட்டங்களில் வேர் உள்ளவர்களும் இருந்தார்கள். ஆகவே இது வேறு யாருடைய ஊரோ இல்லை.

2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் ஏறத்தாழ 4 இலட்சத்து 84 ஆயிரம் பேர். ஐந்தில் நான்கு பங்கினர் சிங்களவர். தமிழர் பத்தில் ஒரு பங்கு அளவில். ஏறக்குறைய அதே அளவு முஸ்லிம்கள். றத்தோட்டை, கம்மடுவ, எல்கடுவ, உக்குவளைப் பக்கங்களில் தேயிலையும் இறப்பரும், இடையிடையே மிளகும் கொக்கோவும். சிறிய எண்ணிக்கையில், சிதறி வாழும் ஒரு சமூகம். நுவரெலியாவில் இருப்பதுபோல வாக்குப் பலமும் இல்லை, யாழ்ப்பாணத்தில் இருப்பதுபோல ஊடகக் கவனமும் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண்ணுக்கு ஏதாவது நடந்தால், அது ஊர்ப்பெரியவர்களின் திண்ணையில் முடிந்துவிடுவதற்கான வாய்ப்பே அதிகம்.

பெண்ணியவாதிகள் பாலியல் வன்முறையைப் பற்றிப் பேசும்போது 'கலாசாரம்' என்ற சொல்லைப் பயன்படுத்தினால் உடனே கோபம் வருகிறது. தமிழ்ப் பண்பாட்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள் என்று. சொல்லப்படுவது அதுவல்ல. வன்முறை செய்பவன் ஒருவன். அவன் துணிவதற்கு இடம் கொடுப்பவை ஒரு நூறு சின்ன விஷயங்கள். முதலில் எழும் கேள்வி பெண்ணை நோக்கியே வருவது, பிள்ளை சொல்வதை அம்மா அடக்குவது, தோட்டத்துத் தலைவர் 'பேசி முடிப்பது', பொலிஸில் இருப்பவர் 'குடும்பப் பிரச்சினை' என்று அனுப்பிவிடுவது, சினிமாவில் நாயகியைத் துரத்துபவன் கடைசியில் அவளையே பரிசாகப் பெறுவது. இவை ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் குற்றமாகத் தெரியாது. எல்லாம் சேர்ந்து செய்கிறவனுக்கு ஒரு செய்தியைச் சொல்கின்றன: உனக்கு ஒன்றும் நடக்காது.

உண்மையில் ஒன்றும் நடப்பதில்லை என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. கெயார் நிறுவனம் கொழும்பு, அம்பாந்தோட்டை, மட்டக்களப்பு, நுவரெலியா ஆகிய நான்கு மாவட்டங்களில் ஆண்களிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், 14.5 வீதமான ஆண்கள் வாழ்நாளில் ஒரு தடவையாவது வன்புணர்வு செய்ததை ஒப்புக்கொண்டிருந்தார்கள். பெண்கள் சொன்ன எண் இல்லை இது. ஆண்கள் தாங்களே சொன்னது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல், எந்தச் சட்ட விளைவையும் சந்திக்கவில்லை. ஏன் செய்தீர்கள் என்ற கேள்விக்குப் பெரும்பான்மையோர் கொடுத்த காரணம், தமக்கு அதற்கு உரிமை இருப்பதாக நினைத்தது. மதுபோதை பின்னால்தான் வருகிறது. 'குடிதான் காரணம்' என்று மலையகத்தில் எல்லோரும் சொல்லும் விளக்கத்தை இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். குடித்தவன் தோட்டத்துரையின் வீட்டுக்குள் புகுவதில்லை. யாரிடம் புகலாம் என்பது போதையிலும் அவனுக்குத் தெரிந்தே இருக்கிறது.

முதலில் சொற்களைப் பற்றி. தமிழ்ப் பத்திரிகைகள் நீண்ட காலம் 'கற்பழிப்பு' என்று எழுதின. அந்தச் சொல்லுக்குள்ளேயே தீர்ப்பு இருக்கிறது: அழிந்தது பெண்ணின் கற்பு, அழிந்த பிறகு அவளிடம் மீதமில்லை. பெண்கள் அமைப்புகளும் சில பத்திரிகையாளர்களும் விடாமல் சண்டை பிடித்ததால் 'பாலியல் வல்லுறவு', 'வன்புணர்வு' என்பவை இன்று செய்தி மொழிக்கு வந்திருக்கின்றன. செய்தியில் மாறியது பேச்சில் மாறவில்லை. 'கெடுத்துட்டான்', 'பிள்ளை கெட்டுப்போச்சு', 'சீரழிச்சுட்டான்' என்றுதான் லயன் வாசலில் சொல்கிறார்கள். இந்த மூன்றிலும் கெட்டது பெண்தான், கெட்டவன் இல்லை. 'கெட்டுப்போன' பிள்ளையை யார் கட்டுவார்கள் என்ற அடுத்த கேள்வி தானாக வருகிறது. அதற்கான பதில், செய்தவனுக்கே கட்டிவைப்பதாக இருந்த சந்தர்ப்பங்களை மலையகத்தில் மட்டுமல்ல, வடக்கிலும் கிழக்கிலும் அறிவோம். சொல் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தி தனக்கு நடந்ததைச் சொல்ல வாயைத் திறக்கும்போது, அவளுக்குக் கிடைக்கும் ஒரே சொல் 'கெட்டுப்போயிட்டேன்' என்பதாக இருந்தால், அவள் வாயை மூடிக்கொள்வதே இயல்பு.

இந்தச் சொற்சண்டைக்குப் போர்க்காலத்திலேயே ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. 1997 மே 17ஆம் திகதி அம்பாறை மத்திய முகாம் பகுதியில் கோணேஸ்வரி என்ற தாய் பொலிஸாரால் வன்புணர்வு செய்யப்பட்டு, கைக்குண்டால் சிதறடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் கலா எழுதிய 'கோணேஸ்வரிகள்' கவிதை சரிநிகரில் வெளிவந்தது. பெரும் சர்ச்சை எழுந்தது. எதைப்பற்றி? கவிதையில் இருந்த உடலுறுப்பின் பெயரைப் பற்றி. ஒரு பெண்ணின் உடல் வெடித்துச் சிதறியதைவிட, இன்னொரு பெண் அதை எழுதப் பயன்படுத்திய சொல் பலருக்கு அதிக வலியைக் கொடுத்தது. இன்று பின்னால் திரும்பிப் பார்க்கும்போது இது நம்பக் கடினமாக இருக்கிறது. ஆனால் மனப்பாங்கு என்று பெண்ணியவாதிகள் சொல்வது எதை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

1996 செப்டெம்பர் 7ஆம் திகதி செம்மணிச் சோதனைச்சாவடியில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வந்த கிருஷாந்தி குமாரசுவாமிக்கும், அவரைத் தேடிப்போன தாய்க்கும் தம்பிக்கும் அயலவருக்கும் நடந்ததை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. 1998இல் அந்த வழக்கில் தீர்ப்பு வந்ததும், தண்டிக்கப்பட்ட படையினன் ஒருவனின் வாக்குமூலம் செம்மணிப் புதைகுழிகளைச் சுட்டிக்காட்டியதும் வரலாறு. இராணுவம் செய்ததைச் சொல்வதற்கு நமக்கு மொழி இருக்கிறது, நினைவு நாள் இருக்கிறது. ஆனால் 2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலைக்குப் போன மாணவி கொல்லப்பட்டபோது செய்தவர்கள் நம்மவர்கள். யாழ்ப்பாணத்தில் கோபம் கொந்தளித்தது. 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி ஏழு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இலங்கையில் கடைசியாகத் தூக்கு நிறைவேற்றப்பட்டது 1976இல். தீர்ப்பு வந்ததும் 'நீதி கிடைத்தது' என்று ஊர் அமைதியானது. மாணவிகளைத் தனியாக அனுப்ப வேண்டாம், ரியூசன் நேரத்தைக் குறையுங்கள் என்ற அறிவுரைகள் மட்டும் தங்கின. பெரிய தண்டனை கேட்பதும் பெண்ணை வீட்டுக்குள் வைப்பதும் ஒரே மூச்சில் வருகின்றன. இரண்டும் ஆண்களின் நடத்தையைத் தொடாமல் விட்டுவிடுகின்றன.

எதிரி செய்தால் அது இனத்தின் மீதான வன்முறை, மாமா செய்தால் அது குடும்பத்தின் இரகசியம் என்ற பிரிப்பைத்தான் ஈழத்துப் பெண்ணியவாதிகள் ஆரம்பத்திலிருந்தே கேள்வி கேட்டார்கள். 1986இல் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' தொகுப்பை வெளியிட்டபோதும், 1990களில் மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் இடம்பெயர்ந்த பெண்களுடன் வேலை செய்யத் தொடங்கியபோதும் இந்தக் கேள்வி இருந்தது. அரசின் வன்முறையைக் குறைத்துக்காட்டுகிறீர்கள் என்ற குற்றச்சாட்டு அவர்கள் மீது வந்தது. அதை நான் நியாயமானதாகப் பார்க்கவில்லை. சோதனைச்சாவடியில் நின்றவன் நம் பெண்களின் உடலில் நம் மானத்தைத் தேடினான். நாமும் அங்கேதான் மானத்தை வைத்திருந்தோம். அவனது ஆயுதம் அவ்வளவு ஆழமாக வெட்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாத்தளைத் தோட்டங்களுக்கு வருவோம். அங்கே கலாசாரம் என்பது காற்றில் மிதப்பதில்லை. அது வேலை ஒழுங்கில் குடியிருக்கிறது. கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பான்மை பெண்கள். அவர்களின் நிறையைப் பார்ப்பவர், முழுப்பேரா அரைப்பேரா என்று எழுதுபவர், எந்த மலைக்குப் போக வேண்டும் என்று பிறட்டில் சொல்பவர் ஏறத்தாழ எல்லாரும் ஆண்கள். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக்கப்பட்டது. அரைப்பேர் விழுந்தால் அதில் பாதி. அந்தப் பாதியை ஒரு மனிதன் தன் பேனாவில் வைத்திருக்கும்போது, அவன் சொல்லும் இரட்டை அர்த்தப் பகிடிக்குச் சிரிக்காமல் இருப்பது எளிதில்லை. 'அவளும் சிரிச்சாதானே' என்று பிறகு சொல்வார்கள். இறப்பர் மலைகளில் பால்வெட்டு விடியுமுன்னே தொடங்கிவிடும். பராமரிப்பின்றிக் காடாகிப்போன மலைகளின் ஊடாகத் தனித்தனியே போக வேண்டும். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்கீழ், அதிகாரத்திலுள்ளவர் வேலைத்தலத்தில் செய்யும் பாலியல் தொந்தரவு குற்றம். மலையில் கொழுந்துக்கூடையுடன் நிற்பவளுக்கும் அது பொருந்தும். அதை அவளுக்குச் சொன்னவர் யார்? சந்தா வாங்கும் தொழிற்சங்கங்கள் சம்பளத்தைப் பேசிய அளவுக்கு இதைப் பேசியதில்லை. மேனகா கந்தசாமி செங்கொடிச் சங்கத்தின் பொதுச் செயலாளராக வந்தது போன்றவை இன்னும் விதிவிலக்குகளாகவே இருக்கின்றன.

பெண் கங்காணிகளை நியமித்தால் போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. ஆனால் அது இல்லாமல் தொடங்கவும் முடியாது. மனப்பாங்கை மாற்றுவது என்றவுடன் கருத்தரங்கு, சிற்றுண்டி, பதாகை, புகைப்படம் என்று நினைக்கப் பழகிவிட்டோம். பேரை எழுதும் பேனா யார் கையில் இருக்கிறது என்பதும் மனப்பாங்கு சார்ந்த விஷயமே.

அடுத்தது வீடு. இதை எழுதுவது கஷ்டம். பொலிஸில் பதிவாகும் வன்புணர்வு முறைப்பாடுகளில் பெரும்பங்கு 16 வயதுக்குட்பட்ட சிறுமியர் தொடர்பானவை. செய்தவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர். லயன் காம்பராவில் ஒரே அறையில் மூன்று தலைமுறை உறங்கும் வீடுகளில், தாய் குவைத்திலோ சவூதியிலோ இருக்கும்போது நடப்பவை எத்தனை வெளியே வருகின்றன? வந்தாலும், ஊர் கேட்கும் கேள்வி 'தாய் எங்கே?' என்பதே. 'அந்த நேரத்தில் அவள் ஏன் அங்கே போனாள்' என்பதன் இன்னொரு வடிவம். அரசாங்கமும் இதே கேள்வியைச் சுற்றறிக்கையாக்கியது. 2013இல் கொண்டுவரப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கை முறை, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள தாய்மார் வீட்டுப் பணிக்காக வெளிநாடு போவதைத் தடுத்தது. தகப்பன்மார் போவதற்கு அப்படி எந்த அறிக்கையும் கேட்கப்படவில்லை. பொருளாதார நெருக்கடியில் டொலர் தேவைப்பட்டதும், 2022இல் அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது! பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிய அக்கறை அவ்வளவுதான். வீட்டில் இருக்கும் ஆண்கள் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையும் வந்ததாகத் தெரியவில்லை.

வேலைக்காகப் பிள்ளைகளே அனுப்பப்படுவதும் இருக்கிறது. 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, கொழும்பில் முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் வேலை செய்த நிலையில் எரிகாயங்களுடன் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு உயிரிழந்தாள். பிரேத பரிசோதனை அவள் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளாகியிருந்ததைச் சொன்னது. டயகம நுவரெலியா மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்தத் தரகர்கள் ஏறாத தோட்டம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது?

2019இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய பெண்களின் நலன் பற்றிய ஆய்வில், துணைவரோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அவரிடமிருந்து உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறையை அனுபவித்ததாகக் கூறினர். துணைவரின் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களில் ஏறத்தாழ அரைவாசிப்பேர் எங்கும் முறையான உதவி தேடவில்லை. காரணம், வெட்கம், பழி வருமென்ற பயம், நம்பமாட்டார்கள் என்ற எண்ணம், இது சாதாரணம் என்ற நினைப்பு. இந்தக் கடைசிக் காரணத்துக்குச் சட்டமும் ஒத்தாசை செய்கிறது. நீதிமன்றத்தால் பிரிக்கப்பட்டு வாழாத மனைவியை கணவன் வன்புணர்வு செய்தால் இலங்கையில் அது வன்புணர்வுக் குற்றமாகாது. 2008இல், அநுராதபுரம் மேல் நீதிமன்றத்திலிருந்து அனுப்பப்பட்ட ஒரு வினாவுக்குப் பதிலளித்த உயர் நீதிமன்றம், சிறுமியர் மீதான வன்புணர்வில் சட்டம் விதித்த ஆகக்குறைந்த தண்டனை நீதிபதிகளைக் கட்டுப்படுத்தாது என்றது. நீதிபதியின் தற்றுணிவு என்ற வகையில் அதற்கு ஒரு நியாயம் உண்டு. நடைமுறையில் ஒத்திவைக்கப்பட்ட தண்டனையுடன் வீடு திரும்பும் ஆண்களை, அதே பாதையில் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் சந்திக்க வேண்டியிருக்கிறது.

சரி, மாறுமா? மாறிய இடங்கள் இருக்கின்றன. உகண்டாவின் தலைநகர் கம்பாலாவில் 'றெய்சிங் வொய்சஸ்' என்ற அமைப்பு 'சாசா' என்றொரு வேலைமுறையை உருவாக்கியது. சுவாஹிலி மொழியில் 'இப்போது' என்று பொருள். ஊரிலிருந்தே சாதாரண ஆண்களையும் பெண்களையும் தெரிவுசெய்து, அவர்கள் தங்கள் அயலவருடன் சந்தியிலும் கடையிலும் தொடர்ந்து பேசுவதுதான் அதன் அடிப்படை. 'பெண்களுக்கு எதிரான வன்முறை தப்பு' என்று தொடங்காமல், 'அதிகாரம்' என்றால் என்ன, உன் மேல் யார் அதைப் பிரயோகிக்கிறார்கள், நீ யார் மேல் பிரயோகிக்கிறாய் என்று தொடங்கினார்கள். எட்டு சமூகங்களை ஒப்பிட்டு 2014இல் வெளியான ஆய்வு, இந்த வேலை நடந்த இடங்களில் துணைவர்களின் உடல்ரீதியான வன்முறை மற்ற இடங்களைவிட 52 வீதம் குறைவாக இருந்ததாகக் கண்டது. ஒருநாள் பட்டறையால் வந்த பலன் இல்லை, ஆண்டுக்கணக்கான பேச்சு. மலையகத்துக்கு இது பொருந்தும் என்று நான் நினைப்பதற்குக் காரணம், அதிகாரம் என்றால் என்ன என்று தோட்டத்து ஆணுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. துரையின் முன்னால் கைகட்டி நிற்பது எப்படி இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அந்த அனுபவத்திலிருந்து வீட்டுக் கதவுவரை ஒரு பேச்சைக் கொண்டுபோக முடியும்.

கலைக்கும் இடமுண்டு. 1930களில் கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சி அம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடித்தான் தொழிலாளரை அணிதிரட்டினார். மேடையேறிப் பேசிய பெண்ணை அன்றைய சமூகம் எப்படிப் பார்த்திருக்கும் என்று ஊகிக்கலாம். காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாசியில் தொடங்கி நாட்கணக்கில் தோட்டங்களில் ஆடப்படுவது. இரதியாக ஆடுவது ஆண். கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் புலம்பலை ஊரே விடிய விடிய இருந்து கேட்கிறது, ஆண்களும் அழுகிறார்கள். அதாவது பெண்ணின் துயரத்துக்கு முன்னால் ஓர் ஆண் அழுவதற்கு நம் மரபில் ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. மட்டக்களப்பில் கூத்தை மீளுருவாக்கம் செய்த முயற்சிகளில், பெண் பாத்திரங்களின் பேச்சைத் திருப்பி எழுதுவதும் பெண்கள் ஆடுவதும் விவாதிக்கப்பட்டன, எதிர்ப்பும் வந்தது. மாத்தளையில் ஒரு வருடம் இரதி வேடத்தைப் பெண்ணொருத்தி கட்டினால் என்ன சண்டை வரும் என்பதும், அந்தச் சண்டையில் எவ்வளவு பேசப்படும் என்பதும் எனக்கு ஆவலான விஷயம்.

முத்துமாரியம்மனின் மாசிமகத் தேர் ஐந்து தேர்களாக மாத்தளை வீதியில் வருகிறது. இரவில் ஒரு பெண் தெய்வத்தை ஊரெல்லாம் சுற்றிக் கொண்டுவருவதில் நமக்குத் தடையில்லை. தேர் பார்க்க வந்த பெண்பிள்ளைகள் கூட்டத்தில் இடிபடுவதைப் பற்றித்தான் பேச்சில்லை. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் 2015 ஆய்வு, பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொந்தரவை அனுபவித்த பெண்கள் 90 வீதம் என்றும், அவர்களில் பொலிஸுக்குச் சொன்னவர் 4 வீதமே என்றும் சொன்னது. மாலையில் நெரிசலோடு தோட்டங்களுக்குக் கிளம்பும் பஸ்ஸில் ஏறும் எந்தப் பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள். திருவிழாவில் தொண்டர்படை அமைக்கும் இளைஞர்களிடம், கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒதுக்குவதுடன், கை நீட்டுபவனை நிறுத்துவதையும் அவர்களின் வேலையாக ஆலய நிர்வாகம் சொல்லலாம். செலவு ஒன்றுமில்லை.

சிங்களப் பெண்களைச் சேர்க்காமல் மாத்தளையில் எதையும் செய்ய முடியாது. அவர்களுக்கும் இந்த மண்ணில் சொல்லப்படாத கதைகள் இருக்கின்றன. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் தோண்டியபோது வெளிவந்த புதைகுழியில் 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் இருந்தன. 1980களின் இறுதியில் காணாமலாக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளாக இருக்கலாம் என்று வந்து நின்ற தாய்மாரில் பெரும்பாலானோர் சிங்களவர். 1971இல் கதிர்காமத்தில் மனம்பேரிக்கு நடந்ததை அவர்களும், செம்மணியை நாமும் தனித்தனியே நினைவில் வைத்திருக்கிறோம். 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி ஊர்வலம் போனது. 1990இல் தெற்கில் இன்னொரு அன்னையர் முன்னணி பிறந்தது. இரண்டும் சந்தித்துப் பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது இப்போது பயனற்ற கேள்வியாக இருக்கலாம். மாத்தளை போன்ற ஊரில் அது இன்னும் பயனற்றுப் போகவில்லை.

தேசிய மட்டத்தில் சில நகர்வுகள் தெரிகின்றன. 2024ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க பெண்கள் வலுவூட்டல் சட்டம் தேசிய பெண்கள் ஆணைக்குழு ஒன்றுக்கு வழிவகுத்திருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் அம்பிகா சாமுவேல், கிருஷ்ணன் கலைச்செல்வி ஆகிய இரு மலையகத் தமிழ்ப் பெண்கள் முதல் தடவையாகப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். ஆணைக்குழுவில் தோட்டத்துப் பெண் ஒருவர் எப்போது உட்காருவார் என்பதைப் பார்த்துக்கொண்டிருப்போம். அதுவரை பொலிஸ் நிலையத்தில் என்ன நடக்கிறது என்பதே முக்கியம். மாத்தளை மாவட்டத்தில் ஒரு தமிழ்ப் பெண் மகளிர், சிறுவர் பணியகத்துக்குப் போனால், அவள் தமிழில் சொல்வதை யாரோ சிங்களத்தில் எழுத, அவள் வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைக்கும் நிலை இன்னும் தீர்ந்துவிடவில்லை. மொழிபெயர்ப்பவர் சில வேளை தோட்டத்திலிருந்து கூட வந்த ஆண். அவர் முன்னால் அவள் எதைச் சொல்வாள், எதை விழுங்குவாள்?

அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம், வடக்கு கிழக்குக்கு வெளியேயும் அரச அலுவலர்களுடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையைத் தருகிறது. வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்குமுன் அதைத் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேட்கலாம். பெண் பொலிஸ் அலுவலர் ஒருவர் வேண்டும் என்றும், உடன் வருபவர் யார் என்பதைத் தானே தீர்மானிப்பேன் என்றும் சொல்லலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கானது 1929. லயன் சுவரில் கட்சிச் சுவரொட்டி ஒட்டும் இடத்தில் இந்த இரண்டு இலக்கங்களையும் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுவதற்கு ஒரு வாளி பசை போதும்.